பதிலுக்கு விட்ட நேரம்

இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டது. டீச்சர் அதைத் தொடாமல், போனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள்.

"இரண்டாவது கேள்வி," என்றார் அறிவிப்பாளர். "இன்று காலையிலிருந்து நீங்கள் என்னென்ன செய்தீர்கள்? சொல்லுங்கள்."

அறிவிப்பாளர் இறந்து இரண்டு வருஷமாகிறது.

"குளிச்சேன்," என்றாள் டீச்சர். "டீ போட்டேன். நீங்க இருந்தா சர்க்கரை பத்தலைன்னு சொல்லியிருப்பீங்க. இப்போ இஸ்திரி போடப் போறேன். இன்னிக்கு மாநாடு. கட்டுரையை இன்னும் ஒரு தடவைகூட வாசிச்சுப் பார்க்கலை. இந்த லட்சணத்துல உங்க பொண்ணு வேற கதவுகிட்ட முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறா."

கதவருகே நின்றவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா தன்னைப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

"நேரம் முடிந்தது," என்றார் போனுக்குள்ளிருந்து அறிவிப்பாளர். "அடுத்த கேள்வி."

இன்றுதான் இந்த வீட்டுக்குள் முதல்முறையாக எட்டிப் பார்க்கிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் டீயைக் குடித்து முடியுங்கள், ஆறிப்போகிறது.

டீச்சர் வேலைதேடி ஊருக்கு வந்த பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் இந்த ஊர் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறவள். படிப்பு முடிந்ததும் பேச்சுத் தேர்வு. எல்லோரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். பதிவு செய்த குரல் ஒன்று கேள்வி கேட்கும். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் விடும். அந்த நேரத்துக்குள் மைக்கில் பதில் சொல்லவேண்டும். அந்தக் குரல் டீச்சரின் கணவருடையது. பஸ் நிலையத்தில் வண்டிகளை அறிவித்துக்கொண்டிருந்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் குரலைக் கேட்டுத்தான் ஓடிப்போய் வண்டி பிடித்தார்கள்.

கேள்விக்குப் பிறகு பதிலுக்கு விடுகிற நேரத்தை எல்லா இடத்திலும் வெறுமையாகத்தான் விடுவார்கள். ஒலியே இருக்காது. அறிவிப்பாளர் அதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. "எதிர்ல ஆள் இல்லாம எவன் பேசுவான்? நான் காத்துக்கிட்டு இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியணும்," என்று சொல்லி, வீட்டிலேயே வைத்துப் பதியும்போது மைக்கை அணைக்காமல், கடிகாரத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு கேள்விக்கும் முழு நேரமும் உட்கார்ந்திருந்தார். அதனால் அந்த இடைவெளிகளில் அவருடைய மூச்சு இருக்கிறது. நாற்காலி முனகுகிறது. மூன்றாவது கேள்விக்குப் பிறகு தொண்டையைச் செருமுகிறார்.

தேர்வு வேலை தெரிந்தவர்கள் இதைத் தப்பு என்பார்கள். தேர்வுக் குழுவும் இப்போது அதைத்தான் சொல்கிறது. பழைய பதிவை எடுத்துவிட்டு, ஸ்டுடியோவில் வைத்துப் பதிந்த ஒரு பெண்ணின் குரலைப் போட்டுவிடலாம் என்று முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார்கள். பழசை எடுத்துவிட்டால், கேள்விகள் வெளியே கசியக்கூடாது என்பதற்காக, டீச்சரின் போனில் இருப்பது உட்பட ஒரு பிரதிகூட விடாமல் அழிப்பார்கள். அது விதி.

டீச்சர் சும்மா விடுவாளா? மாணவர்களில் பாதிப் பேருக்குப் பழைய குரல், பாதிப் பேருக்குப் புதுக்குரல் என்று தேர்வு வைத்து, ஆராய்ச்சியாகவே செய்துவிட்டாள். பழைய குரல் கேட்டவர்கள் நன்றாகப் பேசியிருக்கிறார்கள் என்று முடிவு வந்திருக்கிறது. அந்தக் கட்டுரையை இன்றைக்கு மாநாட்டில், தேர்வுக் குழுத் தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, வாசிக்கப் போகிறாள்.

எண்களைப் போட்டுக்கொடுத்தது மகள். புள்ளிவிவரம் படித்தவள் என்பதால் வீட்டில் அவளுக்குக் 'கணக்கு' என்றே பேர். நேற்று அவளுக்கு அந்த எண்களில் ஒன்று தட்டுப்பட்டது. அதைச் சொல்லத்தான் கதவருகே வந்து நின்றாள்.

இந்த வீட்டில் ஒரு பையனும் உண்டு. பெரியவன். வெளிநாட்டில் கப்பல் வேலைக்குப் போவேன் என்று அவனும், போகக்கூடாது என்று அப்பாவும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கிளம்பிப் போனான். அப்பா செத்ததற்கும் வரவில்லை. அவனைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மாநாடு முடிஞ்சு சொல்லு. இப்போ எதையாவது சொல்லிக் குழப்பாதே."

நாலாவது கேள்வி முடிந்ததும் டீச்சர் போனை அணைத்தாள். எப்போதும் அங்கேதான் அணைப்பாள். ஐந்தாவது கேள்வி, 'உங்கள் வீட்டில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.' அதற்கு அவளால் பதில் சொல்ல முடிந்ததில்லை.

*

பஸ் நிலையத்தில் மாறி ஏறவேண்டியிருந்தது. தலைக்குமேல் இயந்திரக் குரல் வண்டிகளை அறிவித்துக்கொண்டிருந்தது. தெளிவான குரல்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"கவனிச்சியா? இது மூச்சே விடறதில்லை," என்றாள் டீச்சர்.

கணக்கு அம்மாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மாநாட்டு மண்டபத்து வாசலில் அத்தை நின்றிருந்தாள். அறிவிப்பாளரின் தங்கை. அவளும் அதே மாலைப் பள்ளியில் டீச்சர்; இந்த ஆராய்ச்சியில் இரண்டாவது மதிப்பீட்டாளர். ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு பேர் தனித்தனியாக மார்க் போட்டுச் சராசரி எடுப்பது வழக்கம். அத்தை மார்க் போட்டால் அரை மார்க்குக்கும் அழவேண்டும் என்று மாணவர்கள் சொல்வார்கள்.

"வாங்க அண்ணி. என்ன, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி வேர்த்துக்கிட்டு இருக்கீங்க? எத்தனை பேரை இப்படி வேர்க்க வெச்சிருப்பீங்க, இன்னிக்கு அனுபவிங்க."

"உன் வாய் இருக்கே," என்று சொல்லிக்கொண்டே டீச்சர் ஒலி சரிபார்க்க உள்ளே போனாள்.

கணக்கு அத்தையின் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"அத்தை, நீங்க போட்ட மார்க்கை மட்டும் தனியா எடுத்துப் பார்த்தேன். பழைய குரல், புதுக்குரல், ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லை. அம்மா போட்டதுல மட்டும்தான் இருக்கு. அப்பா குரல் கேட்டவங்க எல்லாருக்கும் அம்மா அள்ளிக் குடுத்திருக்காங்க. சராசரியில அதுதான் வித்தியாசமா வந்து நிக்குது."

அத்தை சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"அண்ணிகிட்ட சொல்லிட்டியா?"

"காலையில சொல்லலாம்னுதான் போனேன். அப்பாகூடப் பேசிக்கிட்டு இருந்தாங்க."

அத்தைக்கு அது புரிந்தது. யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"அவர் உங்களுக்கும் அண்ணன்தானே அத்தை? உங்க மார்க்குல மட்டும் எப்படி ஒண்ணும் ஆகலை?"

"நான் கேள்வியைக் கேட்கவே மாட்டேன்டி," என்றாள் அத்தை. "பதிவுல அவன் குரல் வர்ற இடத்தைத் தள்ளிவிட்டுட்டு, பதிலை மட்டும் கேட்டு மார்க் போடுவேன். என்னால தாங்க முடியாது. உங்கம்மா அந்தக் குரலுக்காகவே உட்கார்ந்து கேட்பாங்க."

கணக்கு, மனசில் கிடந்து உறுத்திய இன்னொன்றையும் கேட்டாள்.

"அஞ்சாவது கேள்விக்குச் சில பேர் வீட்டைப் பத்திச் சொல்லிக்கிட்டே வந்து, நடுவுல 'போயிட்டு வாங்க'ன்னு சொல்றாங்களே, அது என்ன?"

"அதை ஏன் கேட்கிறே! வீட்டைப் பத்திச் சொல்லுன்னா யாரையோ வாசல்வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வர்றாங்க. பொருத்தமில்லாத பதில்னு மார்க்கைக் குறைச்சுட்டேன். உங்கம்மா குறைக்கலை. தான் சொல்லிக்குடுத்த முதல் பாடத்தை ஞாபகம் வெச்சிருக்காங்கன்னு பூரிச்சுப் போயிட்டாங்க."

"அப்படிச் சொன்னவங்க எல்லாருமே அப்பா குரல் கேட்டவங்க, அத்தை. புதுக்குரல் கேட்டவங்கள்ல ஒருத்தர்கூடச் சொல்லலை."

"உங்கப்பன் செத்தும் ஆளைக் குழப்புறான்," என்றாள் அத்தை. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

*

டீச்சர் பக்கவாட்டு அறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் முறைக்கு இன்னும் ஒருவர்தான் பாக்கி.

மகள் விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியாதவள், போட்டு உடைத்தாள்.

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் பொய் மார்க் போட்டேங்கிறியா?"

"பொய்னு சொல்லலைம்மா."

"இத்தனை வருஷமா மார்க் போடுறேன். கூடப் பிறந்தவங்களா இருந்தாலும் நான் பார்த்ததில்லை. என் கிளாஸ்ல வந்து கேளு."

"சரி. அப்போ இதைக் கேளு." கணக்கு ஹெட்போனை அம்மாவின் காதில் மாட்டிவிட்டாள். "கேள்வியை வெட்டிட்டேன். யாரு பேசறாங்க, எந்தக் குரலுக்குப் பேசறாங்கன்னு உனக்குத் தெரியாது. அஞ்சுக்கு எவ்வளவு?"

டீச்சரின் முகம் மாறியது. வேலை செய்கிற முகம். ரொட்டிக் கடையில் வேலை பார்க்கும் ஒருவர் தன் நண்பரைப் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணு. சொல்ல வந்ததைச் சொல்லிடறார். ஆனா பாதி வாக்கியம் அந்தரத்துல நிக்குது."

"இவருக்கு நீ போட்டது நாலரை. இப்போ இதைக் கேளு."

இன்னொன்று. அதற்கும் மூன்று என்றாள். போட்டிருந்தது நாலேகால். மூன்றாவதாக ஒரு பெண். அவளுக்கு மூன்றரை என்றாள். போட்டிருந்ததும் மூன்றரைதான்.

"இந்தப் பொண்ணு புதுக்குரல் கேட்டவ," என்றாள் கணக்கு.

டீச்சர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் எறிந்தாள்.

"உங்கப்பா குரல் போறதுல உனக்கு அவ்வளவு சந்தோஷமா?"

"எனக்கு மட்டும் அவர் யாரும்மா? பக்கத்து வீட்டுக்காரரா?" கணக்கின் குரல் உடைந்தது. "நேத்திலேர்ந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு தடவையாவது வேற மாதிரி வராதான்னு."

அத்தை உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "அண்ணி, மேடையில எதுவா இருந்தாலும் சொல்லுங்க. ஒரு காப்பி மட்டும் எடுத்து வீட்டுல வெச்சுக்கோங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"காப்பியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" என்றாள் டீச்சர். "பெட்டிக்குள்ள வெச்சா அது செத்தவர் குரல். கிளாஸ்ல போட்டா, அவர் வேலைக்குப் போயிருக்கார். அவர் கேட்கிறார், யாரோ பதில் சொல்றாங்க. புரியுதா உனக்கு?"

வெளியே கைதட்டல் கேட்டது. அவள் முறை வந்துவிட்டது.

*

மண்டபம் பெரியது. சுவரெல்லாம் ஒலிபெருக்கி. முன்வரிசையில் தேர்வுக் குழுத் தலைவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வரிசையின் ஓரத்தில் அத்தையும் கணக்கும்.

டீச்சர் முதலில் தன் வகுப்பைப் பற்றிச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். "என் முதல் பாடம் பேர் சொல்றதோ, நம்பர் எண்றதோ இல்லை. ஒருத்தர் 'நான் கிளம்புறேன்'னு சொன்னா என்ன சொல்லணுங்கிறதுதான். பதில் சொல்லாம யாரையும் அனுப்பக்கூடாது. 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லணும். அதைச் சொல்லத் தெரிஞ்சுட்டா பாதி மொழி வந்த மாதிரி." சிலர் சிரித்தார்கள்.

பிறகு அந்தப் படம் வந்தது. இரண்டு தூண்கள், பழைய குரலின் தூண் உயரமாக நின்றது. கணக்கு கண்ணை மூடிக்கொண்டாள். இதை அப்படியே வாசித்துவிட்டு இறங்கினால் கேட்க யாருமில்லை. நாளைக்கும் நாளை மறுநாளும் அறிவிப்பாளர் வேலைக்குப் போவார்.

டீச்சர் படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தப் படத்தை நம்பாதீங்க," என்றாள்.

சிலர் கையிலிருந்த தாளைப் புரட்டினார்கள்.

"இது என் மார்க்கால வந்த வித்தியாசம். பழைய குரல் என் வீட்டுக்காரரோடது. அவர் இப்போ இல்லை. அவர் கேட்டதுக்கு ஒருத்தர் பதில் சொல்றாரேங்கிற சந்தோஷத்துல மார்க் போட்டிருக்கேன். எனக்கே தெரியாம போட்டிருக்கேன். என் மார்க்கை எடுத்துட்டா ரெண்டு குரலும் ஒண்ணுதான். மதிப்பீட்டாளருக்குக் கேள்விக் குரல் கேட்கவே கூடாதுங்கிறதுதான் என் ஆராய்ச்சியோட முடிவு. இதுக்கு மேல சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்லை."

தலைவர் காலைக் கீழே இறக்கினார். தலையை ஆட்டினார். அவ்வளவுதான், முடிந்தது. நாளையிலிருந்து புதுக்குரல். டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு தாடிக்காரர் எழுந்தார். வேறு பள்ளியின் ஆசிரியர்.

"ஒரு சந்தேகம் மேடம். நீங்க குடுத்த தாள்ல, அஞ்சாவது கேள்விக்குப் பொருத்தமில்லாத பதில்னு சிலது இருக்கு. எல்லாம் 'போயிட்டு வாங்க'ங்கிற பதில். அதுவும் பழைய பதிவுல மட்டும். உங்க மார்க்கை எடுத்தாலும் இந்த வித்தியாசம் அப்படியேதானே இருக்கும்? பதிவுலயே ஏதாவது இருக்குமோ?"

"பதிவுல கேள்வி மட்டும்தான் இருக்கு."

"கேள்விக்கு அப்புறம்?"

கேள்விக்குப் பிறகு வரும் நேரத்தை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? மார்க் போடும் பதிவில் கேள்வியையும் மாணவரின் பதிலையும் மட்டும் ஒட்டிவைத்திருப்பார்கள். பதில் சொல்லும்போது மாணவரின் காதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது அதில் விழாது. முதல் நாலு இடைவெளிகளும் டீச்சருக்கு மனப்பாடம். ஐந்தாவதை அவள் கேட்டதே இல்லை.

"போட்டுக் காட்டுங்களேன்," என்றார் தலைவர். "எப்படியும் இந்தப் பதிவை எடுக்கத்தான் போறோம். ரகசியம் ஒண்ணுமில்லை."

இல்லை என்று சொல்ல ஒரு காரணமும் தோன்றவில்லை. டீச்சர் ஐந்தாவதை அழுத்தினாள்.

"ஐந்தாவது கேள்வி," என்றார் அறிவிப்பாளர். மண்டபம் முழுக்க அவர் நின்றார். "உங்கள் வீட்டில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

மூச்சு. அந்தப் பெரிய ஒலிபெருக்கிகளில் அது பக்கத்து நாற்காலியிலிருந்து வருவதுபோல் இருந்தது. அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு, என்னவோ, கையை எடுத்துவிட்டாள்.

மூச்சு. நாற்காலி. எங்கோ ஒரு கதவு திறக்கிறது. செருப்புச் சத்தம் வந்து நிற்கிறது.

"அப்பா, நான் கிளம்புறேன்."

இளைஞன் ஒருவனின் குரல். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

மூச்சு நின்றது.

"நான் கிளம்புறேம்பா."

பதில் இல்லை. பேச்சே இல்லாமல் நேரம் போய்க்கொண்டிருந்தது. செருப்புச் சத்தம் மெதுவாகத் தள்ளிப் போயிற்று. கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகுதான், அடக்கிவைத்திருந்த மூச்சு நீளமாக வெளியே வந்தது.

"நேரம் முடிந்தது," என்றார் அறிவிப்பாளர். குரல் கரகரத்திருந்தது. "அடுத்த கேள்வி."

டீச்சர் பதிவை நிறுத்தினாள். மேடை மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என் பையன்," என்றாள் மைக்கில். "அது என் பையன்."

*

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் கணக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது அறிவிப்பாளர் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "கிளம்பிட்டான்," என்றார். ஏன், எப்படி, என்ன சொன்னான் என்று எத்தனை தடவை கேட்டாலும் அதே ஒரு வார்த்தைதான். மறுநாள் பதிவைத் தேர்வுக் குழுவில் கொடுத்துவிட்டு வந்தார்.

அதைத்தான் இப்போது மண்டபத்துக்கு வெளியே, படிக்கட்டில் உட்கார்ந்து மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் பின்னாலேயே வந்து, நாளை சாயங்காலம்வரை பதிவு டீச்சரிடமே இருக்கட்டும் என்றும், அதற்குமேல் விதியை மீறத் தன்னால் ஆகாது என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்ல மனுஷர்தான்.

"மைக்குல சிவப்பு விளக்கு எரிஞ்சா வாயைத் திறக்கமாட்டார்," என்றாள் டீச்சர். "வீடு பத்தி எரிஞ்சாலும் திறக்கமாட்டார். நேரம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு இருந்திருக்கார். பாவி மனுஷன், அதுக்குள்ள அவன் போயிட்டான்."

"அண்ணனுக்கு ரெக்கார்ட் ஓடுறதே தெரிஞ்சிருக்காது," என்றாள் கணக்கு. "அப்பா சும்மாதானே உட்கார்ந்திருந்தார். ஆனா அம்மா, அதைத் திரும்பப் பதிஞ்சிருக்கலாமே? இன்னும் ஒரு தடவை உட்கார்ந்திருந்தா முடிஞ்சிருக்கும். ஏன் அப்படியே குடுத்தார்?"

டீச்சர் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

"அழிச்சா அவன் குரலும் போயிடுமே," என்றாள். "எனக்கு இருக்கிற அதே வியாதிதான். அவருக்கு முன்னாடியே வந்திருக்கு."

போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவங்க எல்லாரும் அவனுக்குப் பதில் சொல்லியிருக்காங்கடி. நாம யாரும் சொல்லலை. அந்த ரொட்டிக் கடைக்காரர் சொல்லியிருக்கார். முகம் தெரியாத ஆளுங்க. காதுல ஒருத்தன் 'நான் கிளம்புறேன்'னு சொல்றான், அதுவும் பரீட்சைதான்னு நினைச்சு, நான் சொல்லிக்குடுத்த மாதிரியே 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லியிருக்காங்க. நாமதான் பொருத்தமில்லைன்னு மார்க்கைக் குறைச்சோம்."

"நான் குறைச்சேன்," என்றாள் அத்தை. அவள் முகம் வெளிறியிருந்தது. "அண்ணி, நான் ஒண்ணு சொன்னா அடிக்க வரமாட்டீங்களே?"

டீச்சர் நிமிர்ந்தாள்.

"அவன் என்கிட்ட பேசுறான். போனதுலேர்ந்தே. உங்ககிட்ட சொன்னா அன்னிக்கே நம்பரை மாத்திடுவேன்னு சத்தியம் வாங்கிட்டான்." அத்தை கைப்பைக்குள் துழாவினாள். "'அப்பாகிட்ட ரெண்டு தடவை சொன்னேன் அத்தை, அவர் முகத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கலை'ன்னு சொன்னான். என் அண்ணன் அப்படிச் செய்யமாட்டான், நீ பொய் சொல்றேன்னு திட்டினேன். இத்தனை வருஷமும் திட்டிக்கிட்டேதான் இருந்தேன்."

டீச்சர் அடிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. கையை நீட்டினாள். அத்தை நம்பரை அழுத்தி, போனை அந்தக் கையில் வைத்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கணக்கு நகத்தைக் கடித்தாள். பிறகு மணி நின்றது.

"அத்தை?" என்றது ஒரு குரல். ஆணின் குரல், கொஞ்சம் தடித்திருந்தது.

"நான் அம்மா," என்றாள் டீச்சர். "அன்னிக்கு நீ சொன்னது எனக்கு இன்னிக்குத்தான்ப்பா கேட்டுது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டானா என்று அத்தை எட்டிப் பார்த்தாள். வைக்கவில்லை. போனுக்குள் மூச்சு கேட்டது. உள்ளே போய், நின்று, நீளமாக வெளியே வருகிற மூச்சு; அப்படியே அவனுடைய அப்பாவுடையது.

கணக்கு அம்மாவின் தோளைத் தொட்டாள். "பேசும்மா. ஏதாவது பேசு, வெச்சிடப் போறான்."

டீச்சர் வேண்டாம் என்று தலையசைத்தாள். பேச வருகிறவரைத் துரத்தக்கூடாது என்பது அவள் தொழிலில் கற்றது. எதிரில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்பது அவள் கணவர் சொன்னது. போனை இன்னும் கொஞ்சம் வாயருகே நகர்த்தி, தன் மூச்சு அவனுக்குக் கேட்கும்படி வைத்துக்கொண்டாள்.

கடிகாரத்தை அவள் பார்க்கவில்லை. அவன் பதிலுக்கு நேரம் விட்டுக் காத்திருந்தாள்.